நோன்பும் ஒருசந்தியும்: ஒரு டீ கிளப்பிய கேள்விகள்

2026-ல் சாம்பல் புதன், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தின் முதல் நாள், பிப்ரவரி 18-ல் வந்தது. அதே வாரத்தில் ரமலானும் தொடங்கியது. தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று அலுவலக வாசலில் டீயும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் தம்பி நோன்பு பிடித்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, உங்களுக்கும் இன்னைக்கு நோன்புன்னு சொன்னீங்க. அப்புறம் டீ?"

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்கன். எங்கள் எதிர்வீடு முஸ்லிம் வீடு. இந்தக் கேள்வியை இரண்டு பக்கத்திலிருந்தும் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். அவற்றில் அடிக்கடி வருபவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். தீர்ப்பு வேண்டுபவர்கள் ஆலிமிடமோ (இஸ்லாமிய மார்க்க அறிஞர்) பங்குத்தந்தையிடமோ போவதுதான் சரி. நான் பார்த்ததையும் படித்ததையும் மட்டும் சொல்கிறேன்.

அந்த டீக்கு என்ன பதில்?

எங்கள் ஒருசந்தியில் டீ குடிக்கலாம். பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. பழைய ஞானோபதேச (மறைக்கல்வி) புத்தகங்களில் கத்தோலிக்கர்களின் நோன்புக்கு 'ஒருசந்தி' என்றும், இறைச்சி ஒதுக்குவதற்கு 'சுத்தபோசனம்' என்றும் பெயர். ஒருசந்தி என்றால் நாளில் ஒரு வேளை முழுச் சாப்பாடு. இன்றைய சட்டப்படி அதோடு இரண்டு சிறு உணவும் சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீருக்குத் தடையே இல்லை.

தம்பியின் நோன்பு வேறு கணக்கு. சுபுஹு என்ற விடியல் தொழுகை நேரம் தொடங்கியதிலிருந்து, சூரியன் மறைந்ததும் சொல்லும் மஃரிப் பாங்கு வரை உணவு, தண்ணீர், புகை, தாம்பத்தியம் எதுவும் கிடையாது. நம் பக்கம் அது 13 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். பாங்கு சொன்ன பிறகு எல்லாமே அனுமதி. ஆக, முஸ்லிம் நோன்பு நேரத்தை வைத்து அளக்கப்படுகிறது, கத்தோலிக்க நோன்பு அளவையும் வகையையும் வைத்து அளக்கப்படுகிறது. பாதிக் குழப்பம் இந்த ஒரு வேறுபாட்டில்தான்.

தண்ணீர்கூடவா குடிக்கமாட்டார்கள்?

குடிக்கமாட்டார்கள். இதைக் கேட்காத ஆள் இல்லை. எதிர்வீட்டு உம்மா வருடாவருடம் சலிக்காமல் பதில் சொல்வார்: "தண்ணிகூட இல்ல மக்கா."

மறந்து சாப்பிட்டுவிட்டால்?

நோன்பு முறியாது. நினைவு வந்தவுடன் நிறுத்திவிட்டு நோன்பைத் தொடர வேண்டும். மறந்து சாப்பிட்டவருக்கு அல்லாஹ்தான் உணவளித்தான் என்ற பொருளில் புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் ஒரு நபிமொழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது. எச்சில் விழுங்குவதாலும் நோன்பு முறியாது. பல் துலக்கலாம். ஆனால் ஷாஃபி மத்ஹபில் (மத்ஹப் என்றால் சட்ட மரபு) உச்சிவேளைக்குப் பிறகு மிஸ்வாக் என்ற பல்குச்சியால் துலக்குவது விரும்பத்தக்கதல்ல என்பார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிகள் அதிகம், உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். அதனால் ஒரு ஊரில் கேட்ட சட்டம் அடுத்த ஊரில் கொஞ்சம் மாறினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

யார் யாருக்கு விலக்கு?

நோயாளிகளுக்கும் பயணத்தில் இருப்பவர்களுக்கும் குர்ஆனே விலக்கு கொடுக்கிறது (2:185). விட்ட நாட்களைப் பிறகு 'களா'வாகப் பிடித்துவிட வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தங்களுக்கோ குழந்தைக்கோ ஆபத்து என்று அஞ்சினால் விடலாம். மாதவிடாய் நாட்களில் பெண்கள் நோன்பு பிடிக்கக் கூடாது. அந்த நாட்களின் தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை, நோன்பை மட்டும் பின்னால் ஈடுசெய்ய வேண்டும். இனி பிடிக்கவே முடியாது என்ற நிலையில் உள்ள முதியவர்களும் தீரா நோயாளிகளும் ஒரு நாளுக்கு ஓர் ஏழை என்ற கணக்கில் உணவளிக்கிறார்கள். அதற்கு 'ஃபித்யா' என்று பெயர். பருவமடையாத பிள்ளைகளுக்குக் கடமை இல்லை. ஆனால் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் அடம்பிடித்துப் பாதி நாள் நோன்பு பிடிப்பதை எந்த முஸ்லிம் தெருவிலும் பார்க்கலாம்.

கத்தோலிக்கச் சட்டம் வயதை வைத்துப் போகிறது. இறைச்சி ஒதுக்குவது 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 வயது நிறைந்ததிலிருந்து 59 முடியும் வரை. எங்கள் ஆச்சிக்கு இந்த மேல்வரம்பு பிடிக்கவே இல்லை. எண்பதைத் தாண்டியும் தவக்கால வெள்ளிகளில் மதியம் ஒரு வேளைதான் சாப்பிட்டார். "சாமியார் சொன்னா சொல்லட்டும்" என்பார்.

அப்படியானால் கிறிஸ்தவர்களுக்கு நோன்பு கட்டாயமா இல்லையா?

எந்தக் கிறிஸ்தவர் என்று கேட்க வேண்டும். ஒப்பிடுபவர்கள் வழுக்கி விழும் இடம் இது. "முஸ்லிம்கள் மாதம் முழுக்க நோன்பு பிடிக்கிறார்கள், கிறிஸ்தவர்களுக்கு இரண்டே நாள்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது உரோமைக் கத்தோலிக்கர்களைப் பற்றிய கணக்கு மட்டும். எங்களுக்கு ஒருசந்தி கட்டாயமான நாட்கள் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான். இந்த அளவுக்குத் தளர்ந்தது 1966-ல் ஆறாம் பவுல் பாப்பரசர் விதிகளை மாற்றியமைத்த பிறகு. அதற்கு முன் சட்டம் கடுமை. இன்னும் பின்னால் போனால் ஐரோப்பாவின் இடைக்காலத் தவக்காலத்தில் ஒரே வேளை உணவு, அதுவும் பொழுது சாயும் நேரத்தில். நாளாக ஆக அந்த வேளை மதியத்துக்கு நகர்ந்தது, இரவுக்கு ஒரு சிற்றுணவு ஒட்டிக்கொண்டது.

கிழக்கே போனால் காட்சி மாறும். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு ஆண்டில் 180 நாட்களுக்கு மேல் நோன்பு. குருக்களுக்கும் துறவிகளுக்கும் இன்னும் கூடுதல். அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. கண்டிப்பானவர்கள் பிற்பகல் வரை தண்ணீரும் தொடமாட்டார்கள். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய அதே வழிதான். அவர்களோடு ஒப்பிட்டால் ரமலானின் 29 அல்லது 30 நாள் பெரிய கணக்காகத் தெரியாது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே சிரியன் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன் ஐம்பது நாள் நோன்பு, கிறிஸ்துமஸுக்கு முன் இருபத்தைந்து நாள் நோன்பு, யோனா இறைவாக்கினர் நினைவாக நினிவே மூன்று நாள் நோன்பு என்று வைத்திருக்கிறார்கள். மலையாளத்தில் முஸ்லிம் வைப்பதும் 'நோம்பு', கிறிஸ்தவர் வைப்பதும் 'நோம்பு'. நம் பக்கத்தில்தான் ஒருவருக்கு நோன்பு, ஒருவருக்கு ஒருசந்தி, இன்னொருவருக்கு உபவாசம், மற்றொருவருக்கு விரதம் என்று சொல்லைப் பிரித்துக்கொண்டோம்.

மீன் இறைச்சி இல்லையா?

சட்டப்படி இல்லை. நிலத்தில் வாழும் வெப்ப இரத்த விலங்கின் சதைக்குத்தான் தடை. மீன் கிடைக்காத நாட்டில் யோசித்த சட்டம் என்று எங்கள் கடற்கரையில் கேலி செய்வார்கள். தினமும் மீன் சாப்பிடுகிறவன் வெள்ளிக்கிழமை நெய்மீன் குழம்பு வைத்துக்கொண்டு "இன்று சுத்தபோசனம்" என்றால் யார் நம்புவது? அதனால் பல குடும்பங்களில் நாற்பது நாளும் மீனையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவார்கள். சட்டம் கேட்பதைவிட வழக்கம் கூடுதலாகக் கேட்கிறது.

இயேசு நோன்பிருக்கச் சொன்னாரா?

இன்ன மாதம் இத்தனை நாள் என்று நற்செய்திகளில் கட்டளை இல்லை. அவர் பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தார் (மத்தேயு 4). தவக்காலத்தின் 40 அங்கிருந்து வருகிறது. மணமகன் பிரியும் நாட்கள் வரும், அப்போது என் சீடர்கள் நோன்பிருப்பார்கள் என்றும் சொன்னார் (மத்தேயு 9:15). "நோன்பிருந்தால்" என்றல்ல, "நோன்பிருக்கும்போது" என்றுதான் பேசுகிறார் (மத்தேயு 6:16). இருப்பார்கள் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார். எப்படி, எப்போது என்பதைத் திருச்சபைகள் பின்னால் வகுத்தன.

குர்ஆனில் அது நேரான கட்டளை. "உங்களுக்கு முன்னிருந்தவர்களுக்கு விதிக்கப்பட்டது போல உங்களுக்கும் நோன்பு விதிக்கப்பட்டுள்ளது" என்ற பொருளில் 2:183 தொடங்குகிறது. தக்வா, அதாவது இறையச்சம், உண்டாவதற்காக என்று காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது. ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில், கி.பி. 624-ல், மதீனாவில் இது கடமையாயிற்று. இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில் ஒன்று.

கிறிஸ்தவ நண்பர்களுக்கு அதிகம் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குர்ஆனில் மர்யம், நம் மரியாள், ஈசா நபியைப் பெற்ற கையோடு ஒரு நோன்பு நேர்கிறார் (19:26). உணவு விடும் நோன்பு அல்ல, அன்று எந்த மனிதரோடும் பேசுவதில்லை என்ற நோன்பு.

ரமலான் நோன்பு தவக்காலத்தைப் பார்த்து வந்தது என்கிறார்களே?

சொல்கிறவர்கள் உண்டு. ஏழாம் நூற்றாண்டு அரபு நிலத்தைச் சுற்றி சிரியாக் கிறிஸ்தவத் துறவிகள் இருந்தார்கள், யூதக் குடியிருப்புகள் இருந்தன, இரு சாராருமே நோன்பிருந்தார்கள் என்பதெல்லாம் உண்மை. ஆனால் முஸ்லிம்களின் பார்வையில் இதில் மறைக்க எதுவுமில்லை. முன்னிருந்தவர்களுக்கு விதித்தது போல என்று வசனமே சொல்லிவிட்டது. அனுப்பியவன் ஒருவன், ஆகவே நோன்பும் தொடர்கிறது என்பது அவர்கள் நிலை. மதீனா யூதர்கள் மூஸா நபி காப்பாற்றப்பட்ட நாள் என்று ஆஷூரா நோன்பு வைத்திருந்ததைப் பார்த்து நபிகளும் அந்நாளில் நோன்பு வைத்தார் என்று ஹதீஸ் இருக்கிறது. ஆஷூரா இன்றும் சுன்னத்தான நோன்பு, அதாவது கட்டாயமில்லாமல் நபிவழியாக வைப்பது.

அதே சமயம் வேறுபடுத்திக் காட்டும் அக்கறையும் தெரிகிறது. நம் நோன்புக்கும் வேதக்காரர்களின் (யூதர், கிறிஸ்தவர்) நோன்புக்கும் வித்தியாசம் சஹர் உணவு என்ற கருத்தில் முஸ்லிம் தொகுப்பில் ஒரு நபிமொழி உண்டு. அதாவது விடியுமுன் எழுந்து சாப்பிடுவதே ஓர் அடையாளம். சஹருக்கு எழுப்ப இரண்டு மணிக்கே தாயிரா என்ற பறையைத் தட்டிப் பாடிக்கொண்டு பக்கீர்கள் தெருவில் வந்த காலத்தில், எங்கள் வீட்டிலும் தூக்கம் கலையும். அந்தச் சத்தத்துக்கு இவ்வளவு பழைய வேர் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

திங்கள், வியாழன் நோன்பு எதற்கு?

நபிகள் விரும்பி வைத்த கூடுதல் நோன்புகள் அவை. கட்டாயமில்லை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. யூதர்களில் பக்தியுள்ளவர்களும் திங்கள், வியாழன்தான் வைத்தார்கள். லூக்கா 18-ல் "வாரத்தில் இரு முறை நோன்பிருக்கிறேன்" என்று பெருமையடிக்கும் பரிசேயரின் இரண்டு நாட்கள் அவைதான். முதல் நூற்றாண்டையொட்டிய 'டிடாக்கே' என்ற கிறிஸ்தவக் கையேடு, வெளிவேடக்காரரோடு சேர்ந்து திங்கள், வியாழன் வைக்காதீர்கள், புதனும் வெள்ளியும் வையுங்கள் என்கிறது. கிழக்குத் திருச்சபைகள் இன்றும் புதன், வெள்ளியைக் கைவிடவில்லை. வாரத்தில் இரண்டு நாள் என்பது பொது, எந்த இரண்டு என்பதில்தான் அடையாளம்.

சி.எஸ்.ஐ.க்காரர்களும் பெந்தெகொஸ்தேக்காரர்களும்?

புராட்டஸ்டண்டு சபைகள் பிரியக் காரணமான சீர்திருத்தம் தொடங்கிய காலத்தில் நோன்பே ஒரு சண்டைப் பொருள். 1522 தவக்காலத்தில் சூரிக் நகரில் ஃப்ரோஷவர் என்ற அச்சகக்காரரின் வீட்டில் சிலர் வேண்டுமென்றே தொத்திறைச்சி சாப்பிட்டார்கள். ஸ்விங்லி என்ற குருவானவர் உடன் இருந்தார், சாப்பிடவில்லை. ஆனால் பிறகு அவர்களுக்கு ஆதரவாகப் பிரசங்கம் செய்தார். உணவு விஷயம் விசுவாசியின் சுதந்திரம் என்ற எண்ணம் புராட்டஸ்டண்டு சபைகளில் வேரூன்ற அதுவும் ஒரு காரணம்.

சி.எஸ்.ஐ.யில் ஆங்கிலிக்கன் மரபு இருப்பதால் லெந்து நாட்கள் (தவக்காலம்) உண்டு, எப்படி வைப்பது என்பது அவரவர் விருப்பம். பெந்தெகொஸ்தே சபைகளில் லெந்து பெரும்பாலும் கிடையாது. ஆனால் அங்கே உபவாசம் செத்துப்போகவில்லை, சொல்லப்போனால் எங்களைவிடக் கடுமை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், தானியேலைப் பின்பற்றி 21 நாள், எஸ்தரைப் போல மூன்று நாள் என்றெல்லாம் வைப்பார்கள். காலண்டர் கிடையாது. தேவை வரும்போது, ஒரு வேண்டுதலோடு இருப்பது. ஒரு ரமலான் நோன்பாளிக்கு இது விசித்திரமாகப் படும். "வேண்டுதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் வந்தால் வைக்க வேண்டியதுதானே" என்று தம்பி கேட்டார்.

வழிபாட்டில் என்ன வேறுபாடு?

எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி இது. கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன்.

ரமலானில் வழிபாடு கூடுகிறது. ஐந்து வேளைத் தொழுகையோடு, இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பின் தராவீஹ் என்ற கூடுதல் தொழுகை சேர்கிறது. எட்டு ரக்அத்தா (தொழுகையின் ஒரு சுற்று) இருபதா என்று ஊருக்கு ஊர் வாதம் உண்டு, அதற்குள் நான் போகவில்லை. பல பள்ளிவாசல்களில் ஹாஃபிள் (குர்ஆனை மனனம் செய்தவர்) ஒருவர் மாதத்துக்குள் குர்ஆனின் 30 ஜுஸ்உவையும் (பகுதிகளையும்) ஓதி முடிக்கிறார். குர்ஆன் இறங்கிய மாதம் என்பதால்தான் ரமலானுக்கே சிறப்பு. கடைசிப் பத்து நாட்களில் சிலர் இஃதிகாஃப் என்று பள்ளிவாசலிலேயே தங்கி வழிபடுவார்கள். ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்ததாகச் சொல்லப்படும் லைலத்துல் கத்ர் இரவு அந்தப் பத்துக்குள் வருகிறது. நம் ஊர்களில் 27-ஆம் இரவன்று பள்ளிவாசலும் தெருவும் விடிய விடிய விழித்திருக்கும்.

தவக்காலத்தில் நாங்கள் வழிபாட்டிலிருந்து எடுத்துவிடுகிறோம். அல்லேலூயா பாடுவதில்லை. ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் இல்லை. பீடத்தில் பூ இல்லை, உடுப்பு ஊதா. பெரிய வியாழன் இரவு மணியும் நின்றுவிடும், பாஸ்கா இரவு (ஈஸ்டருக்கு முந்தைய இரவு) வரை மணிக்குப் பதில் மரக்கட்டை தட்டும் ஒலிதான். பெரிய வெள்ளியன்று திருப்பலியே இல்லை. குருவானவர் பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து வணங்கித்தான் வழிபாட்டைத் தொடங்குவார். சேர்வது ஒன்றுதான், வெள்ளி மாலைச் சிலுவைப்பாதை, 14 நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் முழங்காலிட்டு எழுந்தால் தொழுகையின் ருகூவும் (குனிதல்) சஜ்தாவும் (நெற்றி தரையில் பட வணங்குதல்) லேசாகப் புரியும் (முழங்கால் வலி பொது).

மனநிலையும் அப்படியே. தவக்காலம் துக்கம், பாடுகளை நினைப்பது, பாவத்துக்கு வருந்துவது. ஒரு துன்பத்தில் பங்கெடுப்பதற்காக ரமலானில் யாரும் பசித்திருப்பதில்லை. அது கீழ்ப்படிதல், நன்றி. பகலில் தெரு சோர்ந்திருக்கும், மஃரிப் முடிந்தால் கல்யாண வீடு மாதிரி.

ஒற்றுமைகளும் உண்டு. பாங்கு ஐந்து வேளை என்றால் எங்களுக்கு மூவேளை செப மணி உண்டு, இன்று வீட்டில் அதற்கு நின்று செபிப்பவர்கள் குறைவு. குருக்களும் கன்னியரும் நாள் முழுவதும் பிரித்துச் செபிக்கும் திருப்புகழ்மாலை என்ற வேளைச் செபம் பொதுமக்களிடம் வந்து சேரவே இல்லை. எல்லா முஸ்லிமுக்கும் கடமையான ஒன்று எங்களில் ஒரு பிரிவினரின் கடமையாகச் சுருங்கிவிட்டது. மொழியிலும் அப்படி. 1960-கள் வரை எங்கள் திருப்பலி இலத்தீனில் நடந்தது. ஆச்சி பொருள் தெரியாமலே இலத்தீனில் பதில் சொன்னவர். "அவங்க அரபில ஓதறது புரியுதா?" என்று யாராவது கேலி பேசினால் ஆச்சிக்குக் கோபம் வரும்.

நோன்புதான் வழிபாடா, வழிபாட்டுக்கு முன் நோன்பா?

ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இங்கேதான் வந்து நிற்பேன். முஸ்லிமுக்கு நோன்பே இபாதத், அதாவது வழிபாடு. நிய்யத் (மனதில் உறுதி) செய்து, நேரம் பார்த்து, நோன்பு திறக்கும்போது அது நிறைவாகிவிடுகிறது. வேறொன்றுக்கான படிக்கட்டாக அது இருக்கத் தேவையில்லை. கத்தோலிக்கனுக்குப் பசி ஒரு விருந்தை நோக்கிய பசி. நாற்பது நாள் ஈஸ்டரை நோக்கியது, நற்கருணைக்கு முன் இருப்பதும் அப்படித்தான். முன்பெல்லாம் நன்மை வாங்க (நற்கருணை அப்பம் பெற) நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. 1953-ல் தண்ணீருக்கு அனுமதி வந்தது, 1957-ல் மூன்று மணி நேரமாயிற்று, 1964-ல் ஒரு மணி நேரமாயிற்று. எங்கள் வழிபாட்டின் நடுவில் இருப்பதே ஒரு பந்தி. அதனால்தான் ஞாயிறு நோன்பு நாளல்ல. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை எண்ணினால் 46 வருகிறதே என்று குழம்புபவர்கள், ஆறு ஞாயிறைக் கழித்துக்கொள்ளலாம்.

முஸ்லிம்களுக்கும் நோன்பு தடைசெய்யப்பட்ட நாட்கள் உண்டு. இரண்டு பெருநாட்களிலும், ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்த மூன்று நாட்களிலும் பிடிக்கக் கூடாது.

மறைவாக இருக்கச் சொல்கிறது பைபிள். ரமலான் ஊருக்கே தெரிகிறதே?

"தலைக்கு எண்ணெய் பூசி, முகத்தைக் கழுவு, யாருக்கும் தெரிய வேண்டாம்" என்பது மத்தேயு 6. அதைச் சாம்பல் புதனன்று வாசித்து முடித்த கையோடு நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறோம். இந்த முரணைச் சின்ன வயதில் கேட்டதற்கு எனக்கு மறைக்கல்வி வகுப்பில் நல்ல பதில் கிடைக்கவில்லை, முறைப்புதான் கிடைத்தது.

ரமலானில் எல்லாரும் நோன்பு என்பதால் பெருமையடிக்க இடமில்லை. அதுவும் ஒரு மறைவுதான். தவிர, தனியறையில் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் யாருக்குத் தெரியும்? குடிக்காமல் இருப்பது அவருக்கும் இறைவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். பொய்யையும் கெட்ட செயலையும் விடாதவன் உணவை விடுவது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று புகாரியில் நபிமொழி உண்டு. எசாயா 58-ஐப் படித்தவர்களுக்கு இந்தக் குரல் பழக்கப்பட்டதாகவே இருக்கும். பசித்தவனோடு உணவைப் பகிர்வதல்லவா நான் விரும்பும் நோன்பு என்று அங்கே இறைவன் கேட்கிறார். ரமலானில் அந்தப் பகிர்வுக்குக் கணக்கே இருக்கிறது. பெருநாள் தொழுகைக்கு முன் வீட்டில் ஒவ்வொரு தலைக்கும் சுமார் இரண்டரை கிலோ அரிசியோ அதன் விலையோ ஃபித்ராவாக ஏழை வீட்டுக்குப் போய்விட வேண்டும், பிறந்த குழந்தைக்கும் சேர்த்து.

தேதி ஏன் ஆண்டுதோறும் மாறுகிறது?

இரண்டுக்கும் காரணம் நிலா. நிலாவைப் பின்பற்றும் ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதனால் ரமலான் ஏறத்தாழ 33 ஆண்டில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவரும். 2030-ல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று என்று இரண்டு ரமலான் தொடங்கும். ஈஸ்டருக்கும் நிலாதான். மார்ச் 21-லோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. ஆனால் அதை அட்டவணையில் பார்த்துக்கொள்கிறோம், யாரும் மொட்டைமாடிக்குப் போவதில்லை. பிறை பார்க்க மேகத்தோடு மல்லுக்கட்டி, பிறையை உறுதிசெய்யும் தலைமை காஜியின் அறிவிப்புக்குக் காத்திருக்கும் அந்த இரவின் பரபரப்பு எங்களுக்கு இல்லை. கொஞ்சம் பொறாமைதான்.

கிறிஸ்தவர் சேர்ந்து நோன்பு இருக்கலாமா?

இருந்திருக்கிறார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் கத்தோலிக்கர்களை டிசம்பர் 14 அன்று அமைதிக்காக நோன்பிருக்கச் சொன்னார். அது அந்த ஆண்டு ரமலானின் கடைசி வெள்ளி, அறிந்தே அப்படி வைத்தார். வத்திக்கான் 1967 முதல் ரமலானையொட்டி முஸ்லிம்களுக்கு வாழ்த்துச் செய்தியும் அனுப்பிவருகிறது. தனிப்பட்ட முறையில் நண்பருக்காக ஒரு நாள் பசித்திருக்க எந்தத் தடையும் எனக்குத் தெரிந்து இல்லை. நான் ஒரு முறை முயன்றேன். பிற்பகல் மூன்று மணிக்குத் தலைவலி. தம்பிதான் "போங்கண்ணே, போய் டீ குடிங்க" என்று அனுப்பிவைத்தார்.

நோன்பாளி முன்னால் சாப்பிடலாமா?

அவர்கள் தடுக்கமாட்டார்கள், ஒளிந்து சாப்பிடவும் வேண்டாம். மூக்குக்கு நேரே பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் இருந்தால் போதும். "ஒரு வாய்கூடக் கூடாதா?" என்று வற்புறுத்துவதுதான் உண்மையில் எரிச்சலூட்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரு முஸ்லிம் பெண்ணிடம் "நோன்பு இல்லையா?" என்றும் கேட்காதீர்கள். காரணம் மேலேயே இருக்கிறது.

நோன்புக் கஞ்சி வேற்று மதத்தவருக்குக் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள், கேட்காமலே கொடுப்பார்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், ஊருக்கேற்றபடி கொஞ்சம் கறி, ரம்பை இலை. பள்ளிவாசல்களுக்கு இதற்கென்று தமிழக அரசு அரிசி ஒதுக்குவதும் பல ஆண்டு வழக்கம். எங்கள் பக்கமும் பெரிய வெள்ளி வழிபாடு முடிந்ததும் கஞ்சியும் பயறும்தான். பசியோடு இருந்தவனுக்கு முதலில் எதைக் கொடுக்க வேண்டும் என்பதில் இரண்டு அடுக்களைகளுக்கும் ஒரே எண்ணம்.

அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு போனால் கூட்டம் குறைவு. மூடி போட்ட தூக்குவாளி எடுத்துப்போங்கள், பிளாஸ்டிக் பையில் வாங்கினால் வீடு வந்து சேர்வதற்குள் கை வெந்துவிடும். நீங்கள் கத்தோலிக்கர் என்றால், வெள்ளிக்கிழமை போகும்போது, கஞ்சியில் கறி போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.